ஐந்து கோழிகளும் நான் போட்ட கருவாடும்

காலை ஆறே முக்காலுக்குக் கூட்டைத் திறந்தேன். ஐந்து கோழிகளில் இரண்டுதான் வெளியே வந்தன. மற்ற மூன்றும் கால் மடங்கி மூலையில் கிடந்தன. தண்ணீர்ச் சட்டியில் ஒரு சொட்டு இல்லை.

ராயபுரத்தில் மூன்றாவது மாடியில் இருந்த நாங்கள் காத்திவாக்கத்துக்கு வந்ததே மகளுக்காக. வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தவள் அவள். பக்கத்து வீட்டு மீன்கார அம்மா கொடுத்த இந்தக் கோழிகள்தான் அவளை வெளியே வரவழைத்தன. முதல் முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் சூடா கீதுப்பா" என்று அவள் சிரித்த அன்று, எனக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றிருந்தது. இவை செத்தால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாளோ? இதை எழுதும்போதும் அந்தப் பயம் விடவில்லை.

என் பின்னாலேயே கூட்டுக்கு வந்த அவள் கத்தவில்லை. தீனித் தட்டில் விரலை ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நேத்து இன்னாப்பா போட்ட?"

"கருவாடு. இடிச்சிப் போட்டேன். இங்க எல்லாரும் எறாத் தலை போடறாங்களே."

"அது பச்சைப்பா. இது முழுக்க உப்பு. நாமளே நாலு தண்ணி அலசிட்டுத்தானே துன்றோம்?"

பிறந்ததிலிருந்து கருவாடு தின்றவன் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்தேன். தடுத்தாள். "ஒரேடியா குடிச்சா தாங்காது." டப்பா மூடியில் கொஞ்சம் ஊற்றி வைத்தாள்; சற்றுப் பொறுத்து இன்னும் கொஞ்சம். தலை தூக்க முடியாததை மடியில் கிடத்தி, அலகோரம் விரலால் சொட்டுச் சொட்டாக விட்டாள். கோழிகள் வந்த நாளிலிருந்து இதையெல்லாம் செல்போனில் தேடிப் படித்திருக்கிறாள். துறைமுகத்தில் இருபது வருடம் வேலை பார்த்த நான் வாசலுக்கும் கூட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மடியில் இருந்தது செத்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவள் அதைக் கோணியில் சுற்றி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை உறுதி அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.

காசிமேட்டில் வியாபாரம் முடித்து, மதியம்தான் அந்த மீன்கார அம்மா வந்து சேர்ந்தாள். கதையைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, கோழிக்குக் கருவாடு வெச்சியே, கூட சோறு வடிச்சிப் போடலியா?"

பிறகு மகள் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு கோழியின் காலையும் அழுத்திப் பார்த்தாள்.

"நாலும் பொழச்சிக்கிச்சி கண்ணு. எங்க வூட்டுப் பெட்ட அடைக்கு குந்திகினு கீது. குஞ்சு வந்தா உன் கைலதான் வுடுவேன்."