இன்னும் வராதவருக்கு ஒரு கோப்பை

கோதுமை மா தகரத்தில் கருகும் வாசம் எங்கிருந்து வந்தாலும், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். அந்த வாசத்துக்குப் பின்னாலேயே வெயிலில் காய்ந்த கூடாரத் துணியின் மணமும், அதற்கும் பின்னால் அந்த நாட்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கடலின் மணமும் வந்துவிடும். கடல் பொங்கி வந்து எங்கள் செட்டிபாளையத்தின் கரையோர வீடுகளைத் துடைத்துப் போனதற்கு அடுத்த சித்திரை அது. எனக்குப் பத்து வயது. வாவிப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாகக் கூடாரம் போட்டு எங்களை இருத்தியிருந்தார்கள். வருடப் பிறப்புக்கு ஒரு வீட்டிலும் பலகாரம் சுடவில்லை. அந்தச் சித்திரையில் முகாமில் ஆசையோடு சுட்ட ஒரே பண்டம் மிரியம் மிஸ்ஸின் ரொட்டிதான், அதுவும் கருகிப் போனது.

மிரியம் மிஸ் ஒரு யூதப் பெண். யூதரைப் பற்றி எங்கள் பக்கத்தில் தெரிந்ததெல்லாம், பெரிய வெள்ளிக்கு முன்னால் கத்தோலிக்கர் போடும் பாடுகளின் நாடகத்தில் பஞ்சுத் தாடியோடு வந்து கூச்சல் போடும் குருமார் மட்டும்தான். அந்தத் தாடியைப் பல வருடங்களாகக் கட்டியவர், முகாமில் எங்களுக்கு மொழிபெயர்த்த அந்தோனி மாஸ்டர். முகாமுக்கு உதவி செய்ய உண்மையான யூதர் மூவர் வான் வண்டியிலிருந்து வந்து இறங்கியபோது மாஸ்டர் பட்ட சங்கடத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒருவர் உயரமான, தாடி நரைத்த வெள்ளையர். இன்னொருவன் காது கேளாத இளைஞன், கைகளால் பேசுவான். மூன்றாவது ஆள், எங்களைவிடவும் கறுத்த, குள்ளமான ஒரு பெண். அவருடைய பெற்றோர் எத்தியோப்பியாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு வந்தவர்களாம். முகாம் பெரியவர்கள் உடையாத ஒரே கதிரையைத் தூக்கி வந்து வெள்ளையருக்குப் போட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே அதை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளி, எங்களுக்குத் தலைவர் இவர்தான் என்றார். மிரியம் மிஸ் அதில் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு எங்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய ஊர்ச் சபையில் பல நிறத்தவர், பல நாட்டவர், வேறு சமயத்தில் கலியாணம் கட்டியவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருப்பார்களாம். அவர்களுக்குத் தொழுகை நடத்துவதும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் இவர். இதைக் கேட்ட என் மாமா, அம்மாவின் அண்ணன், "பொம்புள பூசை செய்யிற கோயிலா? அப்ப ஐயரெல்லாம் என்ன செய்யிற?" என்று கேட்டுச் சிரித்தார்.

மிஸ்ஸின் படிப்பிக்கும் முறை எங்களுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. இருப்பவர்களில் சின்னப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்வரை அவர் பாடத்தைத் தொடங்கமாட்டார். நாங்களோ கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள், கேட்டுப் பழகாதவர்கள். முதல் நாள் வெகுநேரம் எல்லாரும் "மம்மல்" பிடித்த மாதிரி, ஒன்றும் புரியாமல் திகைத்து உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு குட்டிப் பெண், "கடல் இன்னொருக்கா வருமா?" என்று கேட்டாள். மிஸ் தனக்குத் தெரியாது என்றார். பெரிய ஆள் ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்கு முன்னால் எல்லாரும் எங்களிடம் வராது, வராது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் பெயர் குகன், வயது பதினாறு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே போய்விட்டது, தரையில் மீன் துள்ளுகிறது என்று பொடியன்கள் கத்திக்கொண்டு ஓடியபோது, அவனும் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடினான். அம்மா வேலியோரம் நின்று பார்த்தது அவனுடைய முதுகைத்தான். பிறகு அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடியதும், நாங்கள் தப்பியதும் பெரிய கதை. அண்ணனின் உடல் கிடைக்கவில்லை. கட்டாரில் வேலை செய்த அப்பா வந்து கரை முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மாமா மட்டும் விடவில்லை. "அவன்ட ஆத்மா அலையுது தங்கச்சி. படையல வெச்சுக் கடமைய முடிச்சு விடுவம்" என்று கூடாரத்துக்கு வரும்போதெல்லாம் சொல்வார். அம்மாவோ, "செத்தவனுக்குத்தான், அண்ணன், படையல்" என்பார். மாமா கடைசியில் தானே நாள் வைத்தார்: சித்திரா பூரணைக்கு மறுநாள்.

பூரணையன்று கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி ஊற்றினார்கள். அன்று மாலைதான் மிரியம் மிஸ்ஸுக்கும் பண்டிகை. அவர்களுக்கும் அது பூரணைக் கணக்காம். அடிமைகளாக இருந்த தம் முன்னோர் தப்பி வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாள், அதனால் பிள்ளைகள் இல்லாமல் நடத்த முடியாது என்று பள்ளிக் கூடாரத்துக்கு எல்லாரையும் அழைத்திருந்தார். புளிக்காத மாவில் அவசரமாகச் சுட்ட ரொட்டி, முந்திரிகை வற்றலை ஊறவைத்துப் பிழிந்த சாறு, கசப்புக்குப் பச்சைப் பாவற்காய். மாமா ரொட்டியைப் பிய்த்துப் பார்த்து, "தேங்காய்ப்பூ போட மறந்திட்டாங்க" என்றார்.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. அழுத கண்ணீரின் நினைவாகக் கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்பது அவர்களுடைய வழக்கம். ஒரு கிண்ணத்தில் அந்தத் தண்ணீர் வந்தது. முன்னால் இருந்த அந்தக் குட்டிப் பெண் நாக்கில் வைத்தாள். அடுத்த நிமிடம் கிண்ணத்தைத் தட்டிவிட்டு வீரிட்டு அழத் தொடங்கினாள். எங்கள் எல்லார் வாயிலும் அந்த உப்பு ஏறியது. மார்கழியில் குடித்த அதே தண்ணீர்தான். மூன்று யூதரும் எங்களுக்காக எவ்வளவோ யோசித்தவர்கள், இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகிய ஒன்றை யார்தான் யோசிப்பார்கள்?

மிஸ் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளிடமே, மிச்சத் தண்ணீரை என்ன செய்யட்டும் என்று கேட்டார். "ஊத்துங்க" என்றாள். மிஸ் எழும்பிப் போய் எல்லாவற்றையும் மண்ணில் ஊற்றிவிட்டு வந்தார். பிறகு, அடுத்து வரும் கதையிலும் கடல் இருக்கிறது, சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா என்று எங்களைக் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சொல்லுங்க" என்றது. திரும்பிப் பார்த்தால் அம்மா.

கடல் இரண்டாகப் பிரிந்து பின்வாங்கியது, தரை தெரிந்தது, சனங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தரையில் நடந்து மறுகரைக்குப் போனார்கள், துரத்தி வந்தவர்கள்மேல் கடல் திரும்பி வந்து மூடியது. அந்தோனி மாஸ்டர் தமிழில் சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு போனது. கடல் பின்வாங்கித் தரை தெரிந்ததை எங்களுக்கு யாரும் கதையாகச் சொல்லத் தேவையில்லையே. அப்போது அம்மா எழுந்து நின்றார். "மாஸ்டர், இவவிட்ட ஒண்டு கேளுங்க. அந்தத் தரையில ஓடின புள்ளையள் எல்லாம் மற்றக் கரைக்குப் போய்ச் சேந்ததா?"

மாமா அம்மாவின் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தார். மிஸ் அம்மாவின் பக்கம் திரும்பினார். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்திருப்பார், மிஸ்ஸுக்கும் அது தெரிந்திருக்கும். "எனக்குத் தெரியாது, அம்மா" என்றார். அதை மட்டும் தமிழில், எங்களிடம் படித்த தமிழில் சொன்னார்.

பிறகு ஒரு கோப்பை நிறையச் சாறு ஊற்றி, யாரும் உட்காராத இடத்தில் வைத்தார். மாமா உடனே எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்தியா தங்கச்சி, அவங்களும் படையல் வெக்கிறாங்க" என்றார். மிஸ் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார். இது செத்தவருக்கு இல்லையாம். இன்னும் வராத ஒருவருக்காம், பழங்காலத்துத் தீர்க்கதரிசி ஒருவருக்கு. வருடா வருடம் கோப்பையை நிரப்பிக் கதவைத் திறந்து பார்ப்பார்களாம். இதுவரை ஒரு வருடமும் வரவில்லை, வரும் வருடமும் திறப்போம் என்றார். கதவுக்குப் பதிலாகக் கூடாரத் துணியை விலக்கிவிட்டார்கள். வெளியே நிலவில் வாவி வெள்ளையாகக் கிடந்தது. அம்மா அந்தத் திறப்பைப் பார்த்தபடி நின்ற நிற்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்.

மறுநாள் மாமா வாழையிலையோடு வந்தார். "படையல் வேணாம் அண்ணன். நான் கதவத் திறந்து வெக்கிறன், அது போதும்" என்றார் அம்மா. "கதவே இல்லாத கூடாரத்தில எந்தக் கதவத் திறக்கப் போறாய்?" என்று மாமா கத்தினார். கத்திய மாமாதான், தச்சுவேலைக்காரர், பிறகு எங்களுக்கு வீடு கிடைத்தபோது பலாப்பலகையில் கதவு செய்து, கடல் பக்கமாகப் பொருத்திக் கொடுத்தார்.

மிஸ்ஸும் மற்ற இருவரும் மழைக்கு முன்னால் போய்விட்டார்கள். அம்மா ஒவ்வொரு சித்திரா பூரணை மாலையும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைத்துக் கதவைத் திறந்தார். வருடப் பிறப்புக்கு அண்ணனின் வயதைக் கணக்குப் பார்த்து ஒரு சட்டையும் வாங்கி வைப்பார். இதற்குள், சமாதானமென்று ஓய்ந்திருந்த நாட்டுச் சண்டை மறுபடியும் மூண்டுவிட்டது. பொழுது பட்டால் கதவைச் சாத்தி விளக்கைத் தணித்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்கவும் பயந்தோம். அப்படியான ஒரு பூரணையில்தான் திறந்த கதவால் ஒருவன் உள்ளே வந்தான்.

அண்ணன் இல்லை. அண்ணன் காணாமல் போன வயதில் இருந்த ஒரு பொடியன், மேலில் சட்டையில்லை, முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. அம்மா பயப்படவில்லை. கோப்பையை எடுத்து அவன் கையில் கொடுத்தார், நின்றபடியே குடித்தான். "இன்னொண்டு கிடக்குமா?" என்று கேட்டு அதையும் குடித்தான். ஊர் மாங்கேணி என்றான், பிடித்துக்கொண்டு போனவர்களிடமிருந்து ஓடி வருவதாகச் சொன்னான். அம்மா அண்ணனுக்கென்று வாங்கி வைத்திருந்த நீலச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டு, "கவனமாப் போ மனே" என்றார். வாவிப் பக்கமாக இறங்கிப் போய்விட்டான். கேள்விப்பட்ட மாமா, "உன்ட கதவால குடும்பத்தோட சாகப் போறம்" என்று ஏசினார்.

சண்டை முடிந்த வருடம், பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்தபடி தாய்மார் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எங்கள் படலையிலும் ஒரு பெண் வந்து நின்றார். "மாங்கேணியில இருந்து வாறன். இவன எங்கயாவது கண்டீங்களா தங்கச்சி?" கேட்கும்போதே இல்லையென்ற பதிலை வாங்கிக்கொண்டு போகத் திரும்பிவிட்டார், அவ்வளவு வாசல்களில் கேட்டுவிட்டார் போல. அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஓம் அக்கா. இஞ்ச வந்தவன். இந்தக் கதவாலதான் வந்தவன்."

அந்தப் பெண் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் எப்படி இருந்தான், அழுதானா, சாப்பிட்டானா என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். சட்டை கொடுத்ததைக் கேட்டதும், "அளவாயிருந்ததா?" என்றார். "கொஞ்சம் பெரிசு. வளர்ற புள்ளதானே எண்டு குடுத்தன்." "இப்ப எங்க இருக்கிறான்?" என்ற கேள்விக்கு மட்டும் அம்மா, "தெரியாது அக்கா" என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் போன பிறகு அம்மா என்னிடம், "எங்கயோ ஒரு வீட்டில எனக்கும் இப்படிச் சொல்ல ஒருத்தி இருப்பாள்" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டதே என்ற பொறாமை அந்தக் குரலில் இருந்தது.

இப்போது அந்த முகாம் இருந்த இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். கூடாரத் துணியில் ஒரு துண்டுகூட ஊரில் இல்லை. மாமா இல்லை. மிரியம் மிஸ் எங்கே இருக்கிறாரோ தெரியாது. நானும் படிப்பிக்கத்தான் செய்கிறேன், சின்னப் பிள்ளை கேள்வி கேட்கும்வரை காத்திருந்து பாடத்திட்டத்தை முடிக்காமல் அதிபரிடம் ஏச்சு வாங்குகிறேன். மாங்கேணி அக்கா சித்திரா பூரணைக்கு பஸ் ஏறி வந்துவிடுவார், அவருடைய மகனுக்கும் ஒரு கோப்பையைப் பக்கத்தில் வைப்போம். அம்மா போய் இரண்டு வருடம். அம்மாவுக்கு இலை போட்டுப் படையல் வைக்கிறேன். அண்ணனுக்கு இன்னும் தேத்தண்ணிதான். நாற்பதை நெருங்குகிற வயதல்லவா, சீனியைக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன்.