தரணீதரனுக்கு இறங்கிய ஆத்தா

அவிநாசி தரணீதரனின் பனியன் கம்பெனியில் தையல் ஊசி முனை உடைந்தால் லைனே நின்றுவிடும். உடைந்த துண்டெல்லாம் கிடைத்து, சேர்த்து ஒட்டிக் காட்டினால்தான் மெஷின் மறுபடி ஓடும். துணியில் துண்டு தங்கிவிடக் கூடாதென்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் போட்ட சட்டம். அவருக்கு அது வேதவாக்கு. டாக்டர் சொன்ன சட்டம் மட்டும் ஊறுகாய் மாதிரி, வேண்டுமானால் தொட்டுக்கொள்வார்.

மனைவி கலைமகள் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்து அவரை எழுப்பி உட்கார வைத்திருந்தாள். புதுக் கிட்னியை உடம்பு அந்நியமென்று விரட்டாமலிருக்க இரண்டு வேளையும் மாத்திரை. "இது உங்க எதிர்ப்புச் சக்தியையும் கொறைச்சிரும். கூட்டத்துக்குப் போகாதீங்க. ஊருக்குச் சின்ன நோவு, உங்களுக்கு உயிராபத்து," என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மனிதர் தலையாட்டினார். தலையாட்டக் காசா, பணமா?

சேவூரில் பங்காளி வீட்டுப் புதுமனை விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். மாஸ்க் தாடையில் தொங்கியது. போட்டோவில் முகம் தெரிய வேண்டாமா! காய்ச்சலில் சிணுங்கிய குழந்தையொன்றை மடியில் வைத்து லட்டும் ஊட்டினார். மறுநாள் அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டது. இரண்டு வாரத்தில் இவருக்கும் உடம்பெல்லாம் கொப்புளம்.

தாராபுரத்திலிருந்து அவர் அக்கா நஞ்சம்மாள் வேப்பிலைக் கட்டோடு வந்து இறங்கினாள்.

"ஆத்தா வந்திருக்கறா தரணி. மாத்திரை மருந்து ஒண்ணும் ஆகாது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கப்படாது."

லேப் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு பொத்தானைக்கூட நம்பாத முதலாளி, "அக்கா சொன்னாச் சரிதான்" என்று மாத்திரை டப்பாவைத் தள்ளிவிட்டு வேப்பிலையில் படுத்துக்கொண்டார்.

மாலைக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கலைமகளுக்குப் பயம், அதைவிட ஆத்திரம். குனிந்தால் இன்னும் இழுக்கிறது அவள் விலாத் தழும்பு. டாக்டருக்குப் போன் போட்டாள். "மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது? ஒடனே கூட்டிட்டு வாங்க," என்று கத்தினார் அவர்.

காரை வரவழைத்தாள். நஞ்சம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"ஆத்தாளக் கோவிச்சுக்க வெக்காத புள்ள!"

"நங்கையா, ஆத்தா எறங்குனது உங்க தம்பி மேலதானுங்க. உள்ள இருக்கறது நாங் குடுத்த என்ற கிட்னி. அத ஏனுங்க நீங்க வெரதம் இருக்க வெக்கறீங்க?" என்று நாத்தனாரைக் கேட்டாள் கலைமகள்.

நஞ்சம்மாள் வாசலை விட்டு விலகினாள். தரணீதரன் வேப்பிலை ஒட்டிய முதுகோடு காரில் ஏறினார்.

அம்மை நுரையீரல் வரை போயிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நாள் கணக்காக ஊசி மருந்து ஏற்றினார்கள். மனிதரும் பிழைத்தார், கிட்னியும் பிழைத்தது.

இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "ஆத்தாதானுங்க காப்பாத்துனா" என்கிறார். கலைமகள் மறுத்துப் பேசுவதில்லை. இரண்டு வேளையும் மாத்திரையை அவர் கையில் வைத்து, விழுங்கியதும், "வாயத் தொறங்க" என்கிறாள். உடைந்த ஊசித் துண்டைத் தேடுகிற கண்ணோடு நாக்கின் அடிவரை பார்த்த பிறகுதான் நகர்கிறாள். உள்ளே இருப்பது அவள் சரக்கு.