மலையில் நேப்கின் காய்வதில்லை

போன மாதம் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு பொய் சொன்னேன். வாயால் அல்ல... தலையால்.

குழந்தைத் துணி விற்கும் மலாய்க்கார அக்காவின் கடை. வெள்ளை வெளேரென்று துணி நேப்கின்கள். தொட்டுத் தொட்டுப் பார்த்து, பை நிறைய வாங்கினேன். காசை நீட்டும்போது அவர் என் நரைமுடியை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துக்கொண்டே கேட்டார் – "சூச்சு?"

பேரப்பிள்ளைக்கா என்று கேட்கிறார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் சுபாவம் தெரியும். பஸ்ஸில் 'இங்கே நிறுத்துங்கள்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிற ஆள். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேப்கின்கள் பேரனுக்கு இல்லை. என் பிள்ளைக்கு. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இது ஏழாவது மாதம். முதல் பிள்ளை.

எழுதிவிட்டேன்.  பயமில்லை, சந்தோஷம்தான்.

பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்பீர்கள். நான் விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே போய்விட்டார். சொன்ன பிறகும் வரவில்லை. அவரைப் பற்றி எழுத இந்தப் பத்தியில் இடம் போதாது – இடம் இருந்தாலும் தரப்போவதில்லை.

குளிர் ஊரில் ஒரு வசதி உண்டு. ஸ்வெட்டர். அதற்கு மேல் தேயிலைத் தொழிற்சாலை ஏப்ரன். பேக்கிங் பிரிவில் டின்களில் தேயிலை அடைக்கிற வேலை எனக்கு. வயிறு மேசைக்குக் கீழேயே இருந்துவிடும். ஆனால் கவலை மேசைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷன் இல்லாத பெண்ணுக்குப் பிரசவ லீவில் சம்பளம் தருவார்களா? யாரைக் கேட்பது? கேட்டால் தெரிந்துவிடுமே... இப்படியே மாதங்கள் போயின.

கடைசியில் ஒரு நாள், எல்லாரும் போகும்வரை காத்திருந்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போனேன். என்னைவிடச் சின்னவர்.

"பிள்ளை பெத்தா லீவுக்குச் சம்பளம் உண்டா சார்?"

"உண்டு லா. யாருக்குக்கா?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"தெரிஞ்சவங்க இங்க வேலை செய்றாங்களா?"

"ம்."

"பேக்கிங்லயா?"

"ம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார். பெரிய மனசு.

"அவங்ககிட்ட சொல்லுங்க. மூணு மாசத்துக்கு மேலயே லீவு. அடிப்படைச் சம்பளம் மாசாமாசம் வரும். ஓவர்டைம் மட்டும் வராது."

"அவங்களுக்கு... வீட்டுக்காரர் இல்ல."

"சட்டம் வயித்தைத்தான் பார்க்குதுக்கா, தாலியைப் பார்க்கல. ஆனா முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். எப்பன்னு அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

"பொங்கலுக்கு அப்புறம்" என்றேன் யோசிக்காமல்.

இருவரும் சிரித்துவிட்டோம்.

அன்றைக்கு எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டுக்கு நடந்து வந்தேனா, பறந்து வந்தேனா தெரியாது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன்.

வந்ததும் திட்டம் போட்டேன். எங்கள் பிரிவில் அடிபட்டு நசுங்கிய டின்களை ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அதில் மூன்று எடுத்தேன். முதல் டின் ஈப்போவுக்கு. இந்த வயதில் முதல் பிரசவம் என்பதால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தானா ராத்தா கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது டின் கேஸ் சிலிண்டருக்கு. இந்தக் குளிரில் பிள்ளை பெற்ற உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் ஆகுமா? அடுப்பில் எப்போதும் வெந்நீர் கிடக்க வேண்டும். மூன்றாவது டின் டயாப்பருக்கு.

முதல் இரண்டு டின்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு விழுந்தது. மூன்றாவது காலியாக விழித்துக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. டயாப்பருக்கு ஆகும் செலவும் எனக்கு வரும் ஓவர்டைம் காசும் ஏறக்குறைய ஒன்று. லீவில் ஓவர்டைம் இல்லை. அப்படியென்றால் டயாப்பரும் இல்லை.

அப்போதுதான் கைப்பேசியில் ஒரு வீடியோ. ஒரு பெண் மொட்டை மாடியில் நின்று சொல்கிறாள் – "துணி நேப்கின் போடுங்க, ஒரு காசு செலவில்ல." அவளுக்குப் பின்னால் நேப்கின்கள் காற்றில் படபடக்கின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த வேகத்தில் போய் வாங்கியதுதான் இரவுச் சந்தைப் பை.

ஈப்போவில் இருக்கும் அண்ணிக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். அண்ணி நல்லவர். ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஒரே பாட்டு.

"எதுக்கு இந்தப் பாடு? வேலையை எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துடு. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"வேலையை விட்டா வீட்டையும் விடணும் அண்ணி." எஸ்டேட்டில் அப்படித்தான். வேலை இருக்கும்வரைதான் லயன் வீடு.

"விட்டா என்ன? நாப்பது வயசுக்கு மேல, தனியா, அந்தக் குளிர்ல... பிள்ளை நேப்கின்கூடக் காயாதே அங்க."



நேப்கின் காயாது!

இந்த மலையிலேயே பிறந்தவள் நான். அடைமழை மாதங்களில் சட்டையைச் சோற்றுப் பானை மூடிமேல் விரித்துக் காயவைக்கிற ஊர். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காலுறை தொங்காத வீடு எங்கள் லயனில் கிடையாது. எனக்குத் தோன்றவில்லை. ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் அண்ணிக்குத் தோன்றுகிறது. காசு இல்லாதவர்கள் திட்டம் போடும்போது காசை மட்டும்தான் எண்ணுகிறோம். வெயிலை யார் எண்ணுகிறார்கள்?

இருந்தாலும் விடவில்லை. எல்லாவற்றையும் துவைத்து வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். அப்புறம் ஈரத்தோடு ஒரு வாடையும். மூன்றாவது டின்னைத் திறந்து பார்த்தேன். உள்ளே தேயிலைத் தூள் வாசம் மட்டும் இருந்தது. அண்ணி சொன்ன அந்த ரூம் முதல் தடவையாக என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாக்கியம் சர்க்கரை கேட்டு உள்ளே வந்துவிட்டாள். என்னோடு பேக்கிங்கில் இருப்பவள். அவள் மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"என்னடி இது, வீடு பூரா வெள்ளைக்கொடி? யாருகிட்ட தோத்துட்டே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பாக்கியம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"பிள்ளை விஷயந்தானே? லயனுக்கே தெரியும். நீயா வாயத் திறப்பேன்னு தீபாவளியிலேருந்து காத்துக்கிட்டு இருக்கோம் லா."

இவ்வளவு நாளும் நான் யாரிடமிருந்து மறைத்தேன்?

அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் கொட்டினேன். லீவு, டின், அண்ணி, ஈரம். பாக்கியம் ஒரு நேப்கினை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஃபேக்டரியில தேயிலை காய வைக்கிற ரூம்ல போட்டா?" என்று கேட்டேன். அங்கே எப்போதும் சூடு.

"போடு. தேயிலை எந்த வாசனையும் பிடிச்சுக்கும். வெளிநாட்டுக்காரன் கப்பை மோந்துட்டு, இது என்ன புது ரகம்னு கேப்பான்." கொஞ்சம் யோசித்தாள். "நம்ம மணியம் தோட்டம் இருக்கே!"

மணியம் அவள் கொழுந்தன். மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்டுச் சாமந்தி வளர்க்கிறார். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே காய்ந்த வெதுவெதுப்பு. கம்பிகள் வேறு வரிசையாக ஓடும். அவருடைய லோரி தினமும் காலையில் எங்கள் லயனைத் தாண்டித்தான் போகும், சாயங்காலம் அதே வழியில் திரும்பும்.

மறுநாள் பாக்கியம் லோரியைக் கை காட்டி நிறுத்தினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"தம்பி... பிள்ளைத் துணி கொஞ்சம்... உங்க தோட்டத்துல காய வைக்கலாமா?"

மணியம் தலையைச் சொறிந்தார். "வைக்கலாம்க்கா. பூ வாங்க வர்றவன் கேட்டா என்ன சொல்றது?"

"விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லு" என்றாள் பாக்கியம்.

அன்று சாயங்காலம் லோரியிலிருந்து பை இறங்கியது. கையை விட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அப்பளம் மாதிரி. லேசாகச் சாமந்தி வாசம். ஒரு நேப்கினை முகத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ...

அண்ணிக்குப் போன் செய்தேன்.

"வேலையை விடல அண்ணி. பிரசவத்துக்கு மட்டும் அங்க வர்றேன். லீவு முழுக்க என் வீட்டுலதான். லீவு முடிஞ்சா பிள்ளையை ஆயாக்கொட்டகையில பார்த்துக்குவாங்க, நான் பேக்கிங்குக்கு."

"நேப்கின்?"

"பூந்தோட்டத்துல காயுது."

 அண்ணியின் குரல் வேறு மாதிரி வந்தது. "சரி. அப்ப பிரசவம் ஆனதும் உன்னைக் கூட்டிக்கிட்டு நானே மேல வந்து ஒரு மாசம் இருக்கேன். என் சைஸுக்கு ஸ்வெட்டர் கிடைக்குமா அங்க?"

ஸ்வெட்டருக்கா பஞ்சம்.

நேற்று அதைத் தேடித்தான் மறுபடி பிரிஞ்சாங் சந்தைக்குப் போனேன். கடைகளைத் தாண்டிப் போகையில் அதே மலாய்க்கார அக்கா என்னைக் கண்டுகொண்டார். பேரப்பிள்ளை சுகமா என்று விசாரித்தார். நான் ஜாக்கெட் ஜிப்பைக் கீழே இழுத்தேன். வயிற்றைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னேன். "அனாக்." என் பிள்ளை.

அவர் என் வயிற்றைப் பார்த்தார், நரைமுடியைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார். பிறகு ஒரு குட்டிக் கம்பளித் தொப்பியை எடுத்து என் பையில் போட்டார். காசை நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார்.

போன மாதம் என்னைப் பாட்டி என்று நினைத்தபோது ஒரு சென் காசுகூடக் குறைக்காதவர்தான் அவர்.