குடோன் தரையில் திரும்பிய வண்டி

எங்கள் ரோபோவுக்கு ஸ்டியரிங் கிடையாது. இடப்பக்கம் இரண்டு சக்கரம், வலப்பக்கம் இரண்டு. ஒரு பக்கம் முன்னே உருள, மறுபக்கம் பின்னே உருள, வண்டி நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது சக்கரங்கள் கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கியாக வேண்டும். வழுக்க மறுத்தால் மோட்டார் முக்கி முனகிச் சூடாகும். நீளமான வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். எங்களுடையது நீளம். முன்னால் பந்தைத் தூக்கும் கை, பின்னால் பேட்டரி என்று ஆசை ஆசையாக இழுத்து நீட்டியது நான்தான்.

கல்லூரியில் கடைசி வருடம் அது. விழுப்புரத்தில் நடக்கவிருந்த ரோபோ போட்டிக்காக அதைச் செய்தோம்; வடிவமைப்பு நான், வயரிங் என் தோழி. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "விழுப்புரத்துப் போட்டியில மொதப் பரிசு வாங்கினு வா, அனுப்பறேன். இல்லன்னா இங்கயே இருந்து குடோனைப் பாத்துக்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதனால் கல்லூரி லேபில் தங்க முடியாது. பெரிய மனது பண்ணி, வீட்டுக்குப் பின்னால் இருந்த குடோனில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மூன்று வாரம் மூட்டைகளுக்கு நடுவே ஓட்டினோம். தூசு தெருவுக்குப் போகிறது என்று கதவையும் சாத்திவிடுவார். எனக்கு மூச்சு முட்டும், எரிச்சலாக வரும். வண்டி மட்டும் பம்பரமாகச் சுற்றியது.

"ஒருவாட்டி காலேஜ் வராண்டாவுல வுட்டுப் பாக்கலாமே?" என்றாள் தோழி.

"இங்க திரும்புறது அங்க திரும்பாதா?" என்று வாயை அடைத்தேன். உண்மை அதுவல்ல. அதற்கும் அப்பாவிடம் போய் நிற்க வேண்டும். அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தேன்.

போட்டி அரங்கில் கல்யாண மண்டபத்து கார்பெட் விரித்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் வண்டி நேராக ஜோராகப் போனது. திருப்பினேன். நான்கு சக்கரமும் கார்பெட்டைக் கவ்விக்கொண்டு தத்தித் தத்திக் குதித்தன. அப்படியே ஒரு மூலையில் போய் முட்டி நின்றது.

"ஜல்தி திருப்புடி!"

"திரும்ப மாட்டேங்குதுடி!"

நேரம் முடியும்வரை அது மூலையிலேயே முனகியது. நான் ரிமோட் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே தூக்கி வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் குடோன் தரை வெறும் சிமெண்ட் தரை இல்லை. எத்தனையோ வருடமாக மூட்டைக்கடியில் நசுங்கிய பருப்பின் எண்ணெய் ஊறிய தரை. சிறு வயதிலிருந்து நானே கட்டைவிரலை ஊன்றித்தான் அங்கே நடப்பேன். அந்தத் தரையை நம்பி ஒரு வண்டியைச் செய்திருக்கிறேன்! போதாததற்கு, போட்டி என்று சக்கரங்களில் ஒட்டியிருந்த எண்ணெயும் போகச் சோப்புப் போட்டுக் கழுவியது வேறு.

தோழியிடமிருந்த இன்சுலேஷன் டேப்பைப் பிடுங்கி, பின்சக்கரங்கள் இரண்டிலும் இறுக்கிச் சுற்றினேன். ரப்பரின் பிடி போனது. முன்சக்கரங்கள் ஊன்றிக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி அழகாகச் சுற்றி வந்தது. மிச்ச ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்தோம். ஆனால் எல்லா ஆட்டத்துப் புள்ளிகளையும் கூட்டித்தான் பரிசு. முதல் ஆட்டத்தில் எங்களுக்குப் பூஜ்யம். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது.

அப்பா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தாம்மா பண்ணிக்கிற. ஆனா மொதப் பரிசுன்னுதானே பேச்சு?" குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எண்ணெய்த் தரை, கார்பெட், டேப் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மொதல்லயே வேற எடத்துல ஓட்டிப் பாத்திருக்கணும் இல்ல?" என்றார்.

எங்கே போய் ஓட்டுவது என்று கேட்க வாய்வரை வந்தது. மறுநாள் காலையில், வேலைக்கு வர இயலாது என்று கம்பெனிக்கு மெயில் எழுதினேன். அவர் எழுதச் சொல்லவில்லை. நானாகவேதான் எழுதினேன்.