எழுதாத பலகையைத் துடைத்தவர்

சாத்தூரில் பிறந்து, விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளையே தம் பிள்ளைகளாக எண்ணி வாழ்ந்த எங்கள் அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தகப்பனில்லாத வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்து, ஆங்கில ஆசிரியை ஆனவர். நான் அவருக்கு நேர் எதிர். அச்சகம் நடத்துகிறவன், எனக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கான நோட்டுப் புத்தகக் கட்டுகளைக் கொடுக்க ஒருமுறை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருடைய பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்பில் அக்கா ஒரு கேள்வி கேட்டார். பிறகு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, ஒன்றுமே எழுதாத கரும்பலகையை மெல்லத் துடைக்க ஆரம்பித்தார். அதற்குள் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரிடம் பதிலைத் தமிழில் சொல்லிப் பார்த்து, இருவருமாக அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

“எழுதாத போர்டை எதுக்குக்கா அழிக்கிறீக?” என்று வெளியே வந்ததும் கேலி செய்தேன்.

“நான் பாத்துக்கிட்டே நின்னா பிள்ளைக பயந்துருங்க தம்பி. வார்த்தை வர நேரம் குடுக்கணும்ல.”

அந்த வகுப்பில் முத்துமாரி என்றொரு மாணவி. ஆங்கிலம் என்றால் வாயே திறக்க மாட்டாள். பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அவளுடைய தாய், மகளின் படிப்பை நிறுத்திவிடும் முடிவோடு அன்று பள்ளிக்கே வந்துவிட்டார்.

“அரையாண்டு வரைக்கும் பொறுங்க. அவ மனசுக்குள்ள பேசிக்கிட்டுத்தான் இருக்கா. வெளிய வர நாளாகுது, அம்புட்டுத்தான்” என்றார் அக்கா.

வீண் வேலை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அரையாண்டுக்கு முன்பே, தன் அம்மா விடியுமுன் வேனேறி வேலைக்குப் போவதை முத்துமாரி நான்கு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொன்னாள். அதில் இரண்டு தப்பாம். அன்றைக்கு அக்கா திருத்தவில்லை. முத்துமாரி இன்று செவிலியராக இருக்கிறாள்.

அத்தான் மறைந்த பின் எங்கள் வீட்டிலேயே இருந்த அக்காவுக்கு, கடைசி ஆறு மாதம் பக்கவாதத்தால் பேச்சு குழறியது. அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். “தண்ணியா? காப்பியா? வலிக்குதா?” அக்கா கண்ணை மூடிக்கொள்வார். பேச விருப்பமில்லை போலும் என்று நானே முடிவுகட்டினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பார்க்க வந்த முத்துமாரிதான் என்னைத் தடுத்தாள். “அண்ணாச்சி, நீங்க எடுத்துக் குடுக்காதீக. டீச்சரே சொல்லட்டும்.”

பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, தூசியே இல்லாத சன்னல் கம்பிகளை ஒரு துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டு நின்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அக்காவின் குரல் வந்தது.

“தம்பி... உக்காரு.”

காலண்டர் சீசன், அச்சக ஆர்டர் என்று அத்தனை மாதமும் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு ஓடியிருக்கிறேன். நான் கேட்ட எத்தனையோ கேள்விகளில் ‘உட்காரட்டுமா அக்கா?’ என்பது மட்டும் இல்லாமல் போயிற்று. அன்று உட்கார்ந்தேன். அதன்பின் எங்களுக்குப் பதினோரு நாள் வாய்த்தது.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், துக்க நாள்களில் சோறாக்கிக் கொண்டுவந்த தெருக்காரர்கள், முத்துமாரி, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ள வருகிறவர்கள் வாசலில் நின்றே வாங்கிப் போக வேண்டாம். உள்ளே வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

— தம்பி