வானொலியில் வந்த என் பெயர்

குமிழைத் திருகியதும் ரேடியோவிலிருந்து முதலில் ‘கொர்’ரென்று ஓர் இரைச்சல் கிளம்பும், வெளியே காயும் கருவாட்டு வாடையோடு அந்த இரைச்சலும் சேர்ந்துதான் எங்கள் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமைப் பாடம் வரும். எழுபதுகளின் கடைசியில், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பள்ளியில் நான் ஏழாவது படித்தேன். சென்னையிலிருந்து பேசும் குரல் கேள்வி கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்க, நாங்கள் பெட்டியைப் பார்த்துப் பதிலைக் கத்துவோம். “அதுக்குக் காது இல்ல, கார்டுல எழுதிப் போடுங்க,” என்பார் சார். நல்ல பதிலைப் பெயரோடு வாசிப்பார்கள்.

ஒருமுறை ஊர்த் தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் உட்காரும் மல்லிகா தன் கார்டை எழுதித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்தைப் பற்றி எனக்கிருந்த பவுசு வகுப்பே அறிந்தது. “முகத்துவாரம் தொறந்து கடல் தண்ணி உள்ள வந்தா, சேத்துல கையால எறால் தடவிப் புடிக்கிற எங்கம்மாவுக்கு வெரல் இடுக்கு எரியும். அத வெச்சே உப்பு ஏறிச்சின்னு சொல்லிடும்,” என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். “ரேடியோல பேரு வந்தா எட்டாவது போ, இல்லன்னா அம்மாகூட ஏரில எறங்குன்னு நைனா சொல்லிச்சுடீ,” என்றும் சொன்னாள்.

தெரிந்தேதான் செய்தேன். என் கார்டில் எழுத ஒரு வரிகூடத் தோன்றாத வயிற்றெரிச்சலில், அவள் கார்டின் அடியில் என் பெயரைப் போட்டுத் தபால்பெட்டியில் சேர்த்தேன்.

பதில் வாசிக்கும் நாளில் அவள் நைனா தொழிலுக்குப் போகாமல், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அம்மாவின் விரல் எரிச்சல் ரேடியோவில் வந்ததும் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வந்தது என் பெயர். அவர் ஜன்னலை விட்டு நடந்துவிட்டார்.

“பேரு இன்னாடீ இப்பிடி ஆச்சு?” என்றாள் மல்லிகா.

“ரெண்டு கார்டும் கலந்துபோச்சு போல,” என்றேன். பிறகு அழுதேன், அவள்தான் தாவணி முனையால் துடைத்துவிட்டாள். அந்தக் கோடையோடு அவள் படிப்பு நின்றது.

நான் ஆசிரியையானேன். ரேடியோப் பாடமும் கார்டும் போய், வகுப்பில் கணினித் திரை வந்துவிட்டது. பிள்ளை பதிலைத் தொட்டதுமே அந்தப் பிள்ளையின் பெயர் தெரிகிறது, நடுவில் எழுதிக்கொடுக்க ஆள் வேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

போன மாதம் திருப்பாலைவனம் பஸ்ஸில் மல்லிகா மீன்கூடையோடு ஏறினாள். பேத்தியிடம் என்னைக் காட்டி, “இவங்கதான்டீ, என் பேரு வரலைன்னு அன்னிக்கி எனக்காக அழுதவங்க,” என்றாள்.

நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தேன். பெயர் போட்ட அந்தக் கையாலேயே அவள் கூடையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.