அரிசி தின்ற உருளை

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். புளித்த மாவு வாடை முகத்தில் அடித்தது. "நாலு நாளா சொல்றேன், தோசையா ஊத்தித் தீத்துடலாம்னு" என்றாள் மனைவி. எனக்குத் தோசை நினைவுக்கு வரவில்லை, ஜாடி வந்தது. இந்த வயதில் எதை முகர்ந்தாலும் வேறெதுவோ வருகிறது. வியாதி இல்லை என்கிறார் டாக்டர். அதுவே கவலையாக இருக்கிறது.

திருவாரூர்ப் பக்கத்தில், அரசு உதவியில் நடந்த, ஊறுகாய் ஜாடி செய்யும் கூடத்தில் அந்தக் காலத்தில் நான் மேற்பார்வையாளன். வேதியியல் படித்தவனுக்கு எதையும் கலக்கத் தெரியும் என்று நம்பி வேலை கொடுத்தார்கள். வீட்டில் நான் கோதுமை மாவு கரைத்தாலே கட்டி தட்டும்.

ஜாடிக்கு மண் மிதிக்க அஞ்சம்மாளும் அவள் தெருப் பெண்களும் வருவார்கள். உண்மையில் நடவுக்குப் போகிறவர்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்து தெருமுனையில் கொடி ஏற்றியதும், மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நட்டார். கொடியை இறக்கினால் வேலை உண்டு என்பது அவருடைய நிபந்தனை. ஜாடிக் கூடம் சோறு போட்டதால் கொடி பறந்தது.

அந்தச் சமயத்தில் ஒரே ஒரு இயந்திரம் வாங்க அனுமதி வந்தது. மண் பிசையும் மிஷினா, கிளேஸ் கலக்கும் மிஷினா? கிளேஸ் என்பது ஜாடிமேல் பூசுவது. சூளையில் கண்ணாடியாக உருகி, எண்ணெய் கசியாமல் காக்கும். அதை உரலில் இடித்து, வாளியில் கையால் கலக்கிக்கொண்டிருந்தோம்.

அஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள். "தம்பி, மண்ணு மிஷினு வந்தா எங்க காலுக்கு என்ன வேலை?"

"கிளேஸ் மிஷின்தான் எழுதியிருக்கேன். மண்ணுல குறையில்லையே."

"பேச்சு மாற மாட்டீங்கல்ல?"

மாறவில்லை. இரும்புத் தகடு சுழலும் மிக்சர் மலிவுதான். துரு கலந்தால் வெள்ளை ஜாடிக்கு அம்மைத் தழும்பு விழும். அதனால் கூழாங்கற்கள் போட்டுச் சுழற்றும் பீங்கான் உருளையாகப் பார்த்து வாங்கினோம்.

அம்மியோ கிரைண்டரோ, எங்கள் பக்கத்தில் புதிதாக வந்தது முதலில் அரிசிதான் அரைக்கும். சந்தோஷத்தில் அஞ்சம்மாளே ஊறவைத்த அரிசியோடு வந்துவிட்டாள். ஆளும் கட்சிக் கரைவேட்டியில் வந்த கூடத்தின் தலைவர் சுவிட்சைப் போட்டார். அரைத்ததைக் கழுவிக் கொட்டச் சொன்னேன்.

"அரிசியவா? சாக்கடையிலயா?" என்றாள் அஞ்சம்மாள். ரேஷன் அரிசிக்கு வரிசையில் அடித்துக்கொண்ட காலம். கல்தூள் கலந்ததைத் தின்னவும் முடியாது.

"கெடக்கட்டும் விடுங்க. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை" என்றார் தலைவர்.

அதன்மேலேயே கிளேஸ் அரைபட்டது. ஐப்பசி மழையில் சூளை மூட்ட முடியாமல், தொட்டியில் கிடந்து புளித்துப் பொங்கியது. நன்றாகக் கலந்தால் இப்படித்தான் மணக்கும்போல என்று வேதியியல் பட்டதாரி எண்ணிக்கொண்டான். சூளையிலிருந்து வந்த ஜாடி ஒவ்வொன்றிலும் ஊசிக்கண்கள், வார்த்த தோசையின் மேல்புறம் மாதிரி.

மாதிரி ஜாடிகளை வாங்கிப்போன நாகூர் ஊறுகாய் வியாபாரி எண்ணெய்க் கையோடு திரும்பி வந்தார். "ஜாடி சோக்காத்தான் இருக்கு தம்பி. ஊறுகாயி உள்ள இருக்கணும்ல?"

கிளேஸில் கிடந்து புளித்த அரிசிதான் குமிழ்விட்டுத் துளை போட்டது என்று தலைவரிடம் சொன்னேன்.

"அரிசிய வச்சு ஆட்சிக்கு வந்தவங்க நாங்க. அரிசியால ஜாடி கெட்டுதுன்னு மேல எழுதச் சொல்றீங்களா?"

மண் சரியாக மிதிபடவில்லை என்று மேலே எழுதினார். மண் பிசையும் மிஷினுக்கு உடனே அனுமதி வந்தது. அதுவரை எங்கள் கோப்பு எதுவும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

அது ஓடத் தொடங்கி, மிதிக்க ஆள் வேண்டாமென்று ஆன வாரம், சைக்கிளில் அந்தத் தெருவழியே போனேன். பெண்களே கொடிக்கம்பத்தை அசைத்து அசைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அஞ்சம்மாள் நிமிர்ந்தாள். "ஓரமாப் போங்க தம்பி, மேல சாஞ்சிடப் போவுது." மறுபடி கம்பத்தைப் பிடித்தாள்.

மிராசுதாரின் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். பிளாஸ்டிக் டப்பா வந்ததும் ஜாடிக் கூடமும் மூடியது. இரண்டு மிஷின்களும் பழைய இரும்புக்காரரிடம் போயின. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். தெருமுனையில் சிமெண்ட் போட்டிருந்தார்கள். கேபிள் கம்பி இழுத்துக்கொண்டிருந்தவரிடம், கொடிக்கம்பம் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டேன்.

"எந்தக் கொடிங்க?" என்றார்.

விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.